மீனம்பாக்கத்துக் கண்ணாடிக் கதவு

நான் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன். டாக்டர் வீட்டு பெஞ்சில் பத்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னால் நாலு தடவை எழுந்து போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருவேன். கல்யாண வீட்டில் பந்தி போடும் வரைக்கும் என்னை நாற்காலியில் பிடித்து வைப்பது என் மனைவிக்கு ஒரு தனி வேலை. எழுபதுகளில், மரக்காணம் உப்பளத்தில் டீசல் என்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தபோதும் இப்படித்தான். வாய்க்காலிலிருந்து உப்புத்தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்குத் தள்ளும் என்ஜின் அது. ஓடவிட்டுவிட்டால் பக்கத்தில் படுத்துத் தூங்கலாம். மற்ற என்ஜின்காரர்கள் தூங்கினார்கள். நான் அதைச் சுற்றிச் சுற்றி வருவேன். குட்டி போட்ட பூனை என்று அளத்துப் பெண்கள் என் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனால் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஒரு பகல் முழுக்க நான் உட்காராமல் அலைந்ததற்குச் சுபாவம் காரணமில்லை. பயந்துபோயிருந்தேன்.

என் அண்ணன் பாண்டிச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல்காரன். அந்தத் துரை வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு பிரான்சுக்கே திரும்பிப் போகிறார், தன்னையும் கூட்டிப் போகிறார் என்று அண்ணனிடமிருந்து ஒரு போஸ்ட்கார்டு வந்தது. வீட்டு விலாசத்துக்கு வரவில்லை. உப்பள ஆபீசுக்கு, என் பேருக்கு வந்தது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு மீனம்பாக்கத்தில் இருப்பான், பம்பாய் போய் அங்கிருந்து எப்படிப் போகிறான் என்று விவரமாக எழுதியிருந்தான். துரை முதல் வகுப்பு டிக்கெட் எடுத்திருப்பதால் அந்த வகுப்புக்காரர்களுக்கென்று இருக்கும் தனி அறையில்தான் உட்கார வைப்பார்களாம், அங்கே வந்து கேட்கச் சொல்லியிருந்தான். கடைசியில் இரண்டு வரி. 'அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். இனி அஞ்சு வருஷம் கழித்துத்தான் வருவேன், வந்தால்.'

அந்த 'வந்தால்' என்னை நாலு நாள் தூங்கவிடவில்லை.

அம்மாவும் அண்ணனும் பேசி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பா செத்த அன்று அண்ணன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நாங்கள் குளித்துவிட்டுத் திரும்பியிருந்தோம். மூத்த பிள்ளை வைக்க வேண்டிய கொள்ளியை நான் வைத்தேன். அண்ணன் கையில் அப்பாவுக்குப் பிடித்த பாண்டிச்சேரி நீட்டு ரொட்டி, பேப்பரில் சுற்றியபடி இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். "ரொட்டி வாங்க நேரமிருந்திச்சாடா உனக்கு," என்றாள். தெருவே கேட்டுக்கொண்டு நிற்கும்போது, "இனிமே என் மூஞ்சில முழிக்காத," என்றாள். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். நான் தலை துவட்டுகிற சாக்கில் துண்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். அவன் வந்த வழியே பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

அவன் தாமதமாக வந்ததற்கு நான்தான் காரணம்.

அப்பா விடிகாலையில் போனார். சித்திரை வெயில், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அண்ணனைக் கூட்டிவர என்னை அனுப்பினார்கள். பஸ் கூனிமேட்டில் நின்றது, கீழ்புத்துப்பட்டில் நின்றது, பெரிய முதலியார்சாவடியில் டிரைவர் இறங்கி டீ குடித்தார். நான் சீட்டு இருந்தும் நின்றபடியே போனேன். பத்தரை மணிக்கெல்லாம் அந்த வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் இருந்தேன். ஆள் உயரத்துக்கு மேல் இரும்பு கேட். உள்ளே இருந்த காவல்காரன் என் லுங்கியையும் உப்பில் வெடித்த காலையும் பார்த்தான்.

"சமையக்காரரப் பாக்கணும்னா பின்னால சந்துல போப்பா. அங்க ஒரு சின்ன கேட்டு இருக்குது, தட்டு," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பே இல்லை. அந்தச் சந்து நூறு அடிகூட இருக்காது. ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அப்பன் செத்துக் கிடக்கிறான், என்னைச் சந்து வழியாகப் போகச் சொல்கிறானே என்று. இந்த கேட்டைத் திற, இல்லையென்றால் அவனை இங்கே வரச் சொல் என்று கத்தினேன். முடியாது என்றான். கால் மணி நேரம் வாய்ச் சண்டை. அப்பா செத்துவிட்டார் என்ற வார்த்தையை அந்த ஆளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இவனிடம் போய் எதற்கு அதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பு. கடைசியில், "அவரு தம்பி வந்தான், வீட்டுக்கு வரச் சொன்னான்னு சொல்லு," என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். வீட்டில் கேட்டார்கள். "சொல்லிட்டேன், பின்னாடியே வர்றான்," என்றேன்.

அண்ணன் துரை வீட்டில் மத்தியானச் சமையலை முடித்து, தம்பி எதற்கோ கூப்பிட்டானாமே என்று சாவகாசமாக ரொட்டி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காவல்காரன் சரியாகச் சொல்லாமல் விட்டுவிட்டான் என்று அண்ணன் நினைத்துக்கொள்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வருஷம் அதை வைத்து ஓட்டினேன். இப்போது அவன் விமானம் ஏறப் போகிறான். அம்மாவிடம் சொல்லாமல் விட்டால் அவள் பிள்ளையைப் பார்க்காமலே போய்விடுவாள். சொன்னால், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினால், என் வண்டவாளம் வெளியே வந்துவிடும்.

ஐந்தாம் நாள் சொன்னேன். அம்மா அப்போதுதான் அளத்திலிருந்து வந்து காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் தலையில் உப்புக்கூடை சுமந்திருந்தாள்.

"நானும் வர்றேன்," என்றாள்.

"அங்கல்லாம் உள்ள விடமாட்டாங்கம்மா. பெரிய மனுசங்க உக்கார்ற ரூமு அது."

"என் புள்ள அங்கதான இருக்கறான்?"

"இருக்கறான்."

"அப்ப இன்னா?" என்றாள். தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "அன்னைக்கு வாயில வந்துடுச்சுடா. அவன் கெளம்பறதுக்குள்ள அந்த வார்த்தைய நான் திருப்பி எடுத்துக்கணும்," என்றாள்.

முதல் பஸ்ஸில் திண்டிவனம் போய், அங்கிருந்து மெட்ராஸ் பஸ் ஏறினோம். அம்மா நெத்திலிக் கருவாடு வறுத்து வாழைச்சருகில் கட்டி எடுத்து வந்திருந்தாள். செங்கல்பட்டு தாண்டும் வரை அந்த வாசனையை வைத்துப் பின் சீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன். அன்றைக்கு எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. அண்ணன் முதல் வார்த்தை என்ன சொல்வான் என்பதை விதவிதமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். எப்படிப் பார்த்தாலும் என் பேர் வந்தது.

மீனம்பாக்கத்தில் ஒரே திருவிழாக் கூட்டம். அப்போதெல்லாம் ஒருவர் சிங்கப்பூர் போனால் முப்பது பேர் வழியனுப்ப வருவார்கள். மாலை, தேங்காய், அழுகை, கைக்குழந்தை. எங்களைப் போலச் சும்மா வருகிறவர்களுக்குத் தனி டிக்கெட். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனால் இரும்பு பெஞ்சுகள். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது, காற்று கீழே வந்து சேரவில்லை. ஒரு குழாயில் குடிதண்ணீர் வந்தது. அங்கே டம்ளருக்கு வரிசை நின்றது.

அந்தத் தனி அறை நடைபாதையின் கடைசியில் இருந்தது. கண்ணாடிக் கதவு. அதற்குப் பக்கத்தில் முதல் வகுப்புப் பயணிகளுக்கும் அவர்களுடைய விருந்தினர்களுக்கும் மட்டும் என்று இங்கிலீஷில் போர்டு. பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டையில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். அம்மாவை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் அவரிடம் போனேன்.

"எங்க அண்ணன் உள்ள இருக்கறான். அவனப் பாக்கணும்."

"டிக்கெட் வெச்சிருக்கீங்களா?"

"நான் எங்கயும் போவல. பாக்கத்தான் வந்திருக்கறேன்."

"பரவாயில்லீங்க. ஒரு பயணிக்கு ஒரு விருந்தாளிய விடலாம். இந்தச் சீட்டுல உங்க பேரும் அவங்க பேரும் எழுதிக் குடுங்க. உள்ள காட்டிட்டு வர்றேன், அவங்க சரின்னா நீங்க போலாம்."

இதைவிட மரியாதையாக ஒரு மனிதர் பேச முடியாது. பென்சிலைக்கூட அவரே நீட்டினார். நான் அதை வாங்கவில்லை. "என் அண்ணனப் பாக்க நான் மனு எழுதிக் குடுக்கணுமா? இன்னா, நான் கலெக்டர் ஆபீசுலயா நிக்கறேன்?" என்று ஆரம்பித்தேன். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். உப்பு இல்லாமல் இவர்கள் எல்லாம் எப்படிச் சோறு தின்பார்களாம் என்று சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி கேட்டேன். மாலை போட்ட சிங்கப்பூர்க்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பித்தளைப் பொத்தான்காரர் முகம் வாடி, சீட்டைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எழுதிக் குடுக்காம விட முடியாதுங்க," என்றார்.

எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது. இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். பாண்டிச்சேரி கேட்டில் எனக்குக் கோபம் தானாக வந்தது. இங்கே நானே வேண்டுமென்று வரவழைத்துக்கொண்டேன். அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் நான் முயற்சி செய்தேன் என்றாகிவிடும், அம்மாவும் அண்ணனும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

அம்மாவிடம் வந்து, "எழுதிக் குடுத்தாத்தான் விடுவாங்களாம், பாக்கலாம்," என்று பாதியை மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். எனக்கு அவள் பக்கத்தில் உட்கார முடியவில்லை. குழாயில் போய்த் தண்ணீர் குடித்தேன். வெளியே போய் டாக்சிகளைப் பார்த்தேன். மாடியில் வேடிக்கை பார்க்கிற இடத்துக்கு ஏறினேன், வெயிலில் ஒரு விமானம் சும்மா நின்றுகொண்டிருந்தது, இறங்கி வந்தேன். மறுபடியும் தண்ணீர். நேரம் போய்விட வேண்டும் என்றும் போய்விடக் கூடாது என்றும் ஒரே சமயத்தில் வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரு சாமிக்கு இதைவிடத் தொந்தரவு யாரும் கொடுத்திருக்க முடியாது.

மூன்றாம் தரம் திரும்பி வந்தபோது பெஞ்சில் அம்மா இல்லை.

பாத்ரூம் போயிருப்பாள் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் பார்த்தேன், குழாய்ப் பக்கம் பார்த்தேன். அப்புறம் எதேச்சையாகக் கண்ணாடிக் கதவைப் பார்த்தேன். உள்ளே சிவப்பு ரெக்சின் சோபாவில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

நான் ஓடினேன். பித்தளைப் பொத்தான்காரர் என்னைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"அந்தம்மா உங்களோட வந்தவங்களா? நேரா வந்தாங்க, கதவத் தள்னாங்க, போய்ட்டாங்க. எங்கம்மா போறீங்கன்னு நான் கேக்கறதுக்குள்ள உள்ள இருந்தாங்க. அந்த வெள்ளக்காரரு வேற எழுந்து நின்னு கும்பிட்டுட்டாரு. எங்க விருந்தாளிதான்னு சொல்லிட்டாங்க. அப்பறம் எனக்கின்னாங்க?"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் அளத்தில் உள்ளே போகிறவர்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சுமக்க ஆள் வருகிறது என்றால் எந்த முதலாளி வேண்டாம் என்பார்? கேட்டு திறந்தே கிடக்கும், நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம். வெளியே வரும்போதுதான் காவல்காரர் குறுக்கே நிற்பார். பெண்கள் முந்தானையை உதறிக் காட்ட வேண்டும், ஆண்கள் மடியை அவிழ்த்துக் காட்ட வேண்டும், ஒரு கைப்பிடி உப்பு வெளியே போய்விடக் கூடாது. அம்மா பன்னிரண்டு வயசிலிருந்து அந்த ஒரு வாசலில்தான் போய் வந்துகொண்டிருந்தாள். கதவுப் பக்கத்தில் உடுப்பு போட்ட ஆள் நின்றால், அவர் வெளியே வருகிறவர்களைச் சோதனை போட நிற்கிறார் என்பதுதான் அவள் கணக்கு. உள்ளே போவதற்கு ஒருவரைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்குத்தான், பத்தாவது படித்துவிட்ட எனக்குத்தான், ஒவ்வொரு கதவிலும் ஒரு வழக்கு இருந்தது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்த அறைக்குள் எங்கள் இரைச்சல் ஒன்றும் போகவில்லை போல. எல்லாரும் மெதுவாக வாயசைத்தார்கள். தரை முழுக்கக் கம்பளம். ஜன்னலில் ஏர்கண்டிஷன் பெட்டி, அதன் முன்னால் கட்டியிருந்த ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது. மூலையில் பிரிட்ஜ், அதன் மேலே ஆரஞ்சு ஜூஸ் கண்ணாடி ஜாடி. நின்ற வாக்கில் சிகரெட் சாம்பல் தட்டுகிற கிண்ணங்கள், அடுக்கி வைத்த இங்கிலீஷ் பத்திரிகைகள். கை கழுவ ஒரு தனி இடம், அங்கே ஆளுக்கொரு வெள்ளைத் துண்டு மடித்து வைத்திருந்தார்கள். ஒருவர் தட்டில் காபி எடுத்துக்கொண்டு போய் என் அம்மா முன்னால் குனிந்தார். அம்மா சோபாவின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளவில்லை. நன்றாகச் சாய்ந்து, காலைக் கம்பளத்தில் பதித்து உட்கார்ந்திருந்தாள். வெடித்த கால்.

அண்ணன் அவள் எதிரில் நின்றுகொண்டிருந்தான். பேண்ட்டு, ஷூ, புதுசாக வெட்டிய முடி. அவன்தான் பேசினான், அம்மா கேட்டாள். பிறகு அம்மா ஏதோ சொன்னாள், அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கையை நீட்டி அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். துரை எட்டிப் பார்த்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சொல்லிவிட்டான், எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். இல்லாவிட்டால் இரண்டு வருஷக் கோபம் இவ்வளவு சீக்கிரம் எப்படித் தீரும்?

அப்போது அண்ணன் திரும்பிக் கதவைப் பார்த்தான். என்னைப் பார்த்துவிட்டான். கையை அசைத்து, வா என்றான். துரையிடம் ஏதோ சொன்னான், அவரும் என்னைப் பார்த்து வா என்று கையசைத்தார். பித்தளைப் பொத்தான்காரர் கதவை அகலமாகத் திறந்து பிடித்தார்.

"கூப்பிடறாங்க, போங்க. எழுத வேணாம்," என்றார். நான் பேசிய பேச்சுக்கு அவர் குரலில் ஒரு துளி கசப்பு இல்லை.

குளிர்காற்று என் முழங்கால் வரைக்கும் வந்தது. நான் நின்றேன். "இல்லீங்க, வெளிய ஒரு வேல இருக்குது," என்றேன். மீனம்பாக்கத்தில் எனக்கு என்ன வேலை? அண்ணன் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. நான் திரும்பி வேகமாக நடந்து, குழாயில் போய் மறுபடியும் தண்ணீர் குடித்தேன்.

விமானத்துக்குக் கிளம்பும்போது எப்படியும் இந்த நடைபாதை வழியாகத்தானே வருவான், அப்போது கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அம்மா இல்லாமல், நடந்துகொண்டே இரண்டு வார்த்தை. என்ன சொல்வது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். அந்த நடைபாதையில் தூணுக்குத் தூண் நடந்தேன்.

அரைமணி கழித்து அம்மா மட்டும் வெளியே வந்தாள். கதவைத் தாண்டியதும் நின்றாள். பித்தளைப் பொத்தான்காரர் பக்கம் திரும்பி, முந்தானையை எடுத்து இரண்டு கையாலும் விரித்து, ஓங்கி ஒரு உதறு உதறினாள். அதிலிருந்து இரண்டு சதுரச் சர்க்கரைக் கட்டிகள் தரையில் விழுந்து உருண்டன. அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"அது அவங்களே குடுத்ததுப்பா. காப்பியோட குடுத்தாங்க," என்றாள்.

அவர் குனிந்து இரண்டையும் பொறுக்கி, சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். "வெச்சுக்குங்கம்மா," என்றார். நான் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவமானமாக இல்லை.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"ஏண்டா உள்ள வரல? அவன் கூப்புட்டானே."

"இன்னா சொன்னான்?"

"ஒத்துக்கிட்டான்டா."

"என்னன்னு?"

"எல்லாம் என் தப்புதாம்மா, தம்பி கரெக்டா வந்து சொல்லிட்டுத்தான் போனான், துர வீட்டுல விருந்து, பாதியில விட்டுட்டு எப்படிப் போறதுன்னு நான்தான் இருந்துட்டேன், அப்படின்னான். உன்னப் பத்தி ஒரு வார்த்த கொறச்சுச் சொல்லல. அவன் வாயால ஒத்துக்கிட்டானே, எனக்கு அது போதும். நானும் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல. போனாப் போவுது, விடுடான்னு சொல்லிட்டேன்."

அவன் பொய் சொல்லியிருந்தான். கேட்டில் நான் என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை என்பதெல்லாம் அவனுக்கு இரண்டு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தெருவில் அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். இப்போது போகிற நேரத்தில் அதை முழுசாகத் தன் தலையில் போட்டுக்கொண்டு போகிறான்.

நான் அம்மா கையை உதறிவிட்டு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். யாரும் தடுக்கவில்லை. சோபா காலியாக இருந்தது. காபி கொண்டுவந்த ஆள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கச் சுவரில் இன்னொரு கதவு இருந்தது, நான் வெளியிலிருந்து அதைக் கவனிக்கவே இல்லை. அந்த அறைக்காரர்கள் கூட்டத்தோடு நடைபாதையில் வரவேண்டியதில்லையாம். நேரம் வந்ததும் அந்தக் கதவைத் திறந்து நேரே விமானத்தடியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்களாம்.

"இப்பத்தான் போனாங்க சார்," என்றார் அவர். என்னை வாழ்க்கையில் முதல் தடவையாக சார் என்று கூப்பிட்டவர் அவர்தான்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தாள். துரை கருவாட்டை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாராம். அந்தத் துண்டு வெள்ளாவி வைத்த மாதிரி வெளுப்பாம், கை துடைக்க மனசு வரவில்லையாம், புடவையிலேயே துடைத்துக்கொண்டாளாம். பாத்ரூமுக்குள்ளே ஒரு ஆள் உயரக் கண்ணாடியாம். ஒவ்வொன்றுக்கும் நான் ம் கொட்டினேன். என்னால் அந்தச் சீட்டில் இருக்க முடியவில்லை. கம்பியைப் பிடிப்பேன், விடுவேன், எழுந்து நிற்பேன், உட்காருவேன். பேசாமல் விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. அவன்தான் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போய்விட்டானே, அம்மாவும் சிரிக்கிறாளே, இதை இப்போது கிளறி யாருக்கு என்ன லாபம் என்று மனசு நன்றாக வக்காலத்து வாங்கியது. இரண்டு வருஷம் வாங்கிய அதே வக்காலத்துதான்.

மதுராந்தகம் ஏரி தெரிந்தபோது சொல்லிவிட்டேன். கேட்டு, சந்து, வாய்ச் சண்டை எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பா செத்துட்டாருன்னு நான் சொல்லவேயில்லம்மா. வீட்டுக்கு வரச் சொல்லுன்னுதான் சொல்லிட்டு வந்தேன். அவனுக்குத் தெரியாது," என்றேன்.

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பஸ் என்றும் பார்க்காமல் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு எப்பத்தான் தெரியும்?"

"நம்ம தெருவுக்கு வந்தப்பறம்தான்."

பிறகு என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல் சொன்னாள். "போனாப் போவுது விடுடான்னு சொல்லிட்டு வந்தேனே. நான் போயி அவன மன்னிச்சு வுட்டேனே. அவனும் தலையக் குனிஞ்சு கேட்டுக்கினான்."

எழுந்து, ஆடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், ஒரு பெண் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அவள் பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது. கண்டக்டர் அந்தப் பக்கம் வந்தபோது அவரைக் கூப்பிட்டாள்.

"ஏம்பா, இந்த வண்டி திரும்ப எப்ப மீனம்பாக்கம் போவும்?"

"நாளைக்குக் காலைலதாம்மா. யாரையாவது வழியனுப்பணுமா?"

"இல்லப்பா," என்றாள் அம்மா. "அனுப்பிட்டேன்."